கெட்டிமேளம் கேட்டால் கூட்டுக்குள் போகும் நாய்

இந்த வாரம் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. யாரும் என்னை அழைக்காத வேளைகளில் என் தொலைபேசியின் அழைப்பு மணியை நானே அடிக்கவிட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ ஒருநாள் கைதவறி அல்ல. பழக்கமாகவே.

நாய்க்காகத்தான் செய்தேன். அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். வாசித்து முடிப்பதற்குள் உங்களுக்கு வேறு காரணம் ஏதாவது தட்டுப்பட்டால் அது உங்கள் கெட்டித்தனம், என் வாக்குமூலம் அல்ல.

காட்சி இதுதான். காலை நேரம். பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டின் முன் ஹோல். மேசையில் பாதி குடித்த தேநீர். கறுவல் என்ற நாய்க்குட்டி என் செருப்பின் வாரைச் சப்பிக்கொண்டிருக்கிறது. நான் தொலைபேசியை எடுத்து, மணிகளை மாற்றுகிற இடத்துக்குப் போய், என் மனைவிக்கென்று தனியாக வைத்திருக்கும் மணியை அழுத்துகிறேன். நாதஸ்வரமும் தவிலுமாகக் கெட்டிமேளம் கொட்டுகிறது. கறுவல் செருப்பைக் கைவிடுகிறது. காதுகள் பின்னால் படிய, நகங்கள் சீமெந்துத் தரையில் வழுக்க, பின்னறைக்கு ஓடுகிறது. அங்கிருக்கும் இரும்புக் கூட்டுக்குள் புகுந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்து, அவித்த சூடை மீன் ஒரு துண்டுக்காக என் கையைப் பார்க்கிறது.

மீனைக் கொடுத்துக் கூட்டின் கதவைக் கொளுவுகிறேன். மணியை நிறுத்துகிறேன். அதன்பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டு வளவில் நின்றுபோயிருந்த தையல் மெஷின் மட்டும் மறுபடி ஓடத் தொடங்குகிறது.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து வதனி கேட்பாள்: “அக்காவா அத்தான் எடுத்த?”

“ஓம்,” என்பேன் நான்.

யாருடைய வீடு

வதனி என் மனைவி தவமணியின் சின்னம்மா மகள். வீட்டிலிருந்தே சட்டை தைத்துக் கொடுப்பவள். அவளுக்கு அடுத்த வளவு தவமணியின் தமக்கைக்கு. அதற்கும் அடுத்தது தமக்கையின் மகளுக்கு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் ஆண்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிவந்துவிட வேண்டும். நானும் வந்தேன். எனக்குத் துணிப்பெட்டி சின்னது, புத்தகப்பெட்டிகள் பெரியவை. அவற்றை இறக்கியபோது என் மாமியார் ஆவலோடு வந்து, உள்ளே பாத்திரங்களா என்று கேட்டார். இல்லை என்று அறிந்தபின் அவர் முகத்தில் வந்த பொறுமை, அவர் காலமாகும்வரை போகவில்லை.

இப்போது அந்த வீடும் தவமணியிடம் இல்லை. எங்கள் மகள் அபிக்கு எழுதியாகிவிட்டது. அபி ரொறன்ரோவில் இருக்கிறாள். ஆக, பள்ளிக்கூடத்திலிருந்து நேரத்தோடு ஓய்வு வாங்கிக்கொண்ட நான், கனடாவில் இருக்கும் ஒருத்தியின் வீட்டில், அவளுடைய தாயின் சொந்தக்காரர் நாற்புறமும் சூழ, தனியாக இருக்கும் ஆள்.

தவமணி போனது அபியின் பிள்ளைப்பேறு பார்க்க. பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. முப்பத்தொன்று கழிந்தது. பிறகு பேரனுக்கு வயிற்றுக்கோளாறு. பிறகு அபிக்கு முதுகுவலி. பிறகு பனி. இந்தப் பனியில் பச்சைப் பிள்ளையோடு அவளைத் தனிய விட்டுவிட்டு எப்படி வருவது என்றாள் தவம். இங்கே வெயிலில் ஒரு பழைய பிள்ளை தனிய இருக்கிறதே என்று சொல்ல நினைத்தேன். பகிடியாக எடுத்துக்கொள்வாளா என்று நிச்சயமில்லாததால் சொல்லவில்லை.

தனியே இருப்பதில் எனக்கு அனுபவம் இல்லை. ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கரண்டி. காலையில் வைத்த கறி இரவுவரை வரும், சிலவேளை மறுநாளும் வந்து நிற்கும். ஒருநாள் சந்திக் கடையில் பாண் கேட்க வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. இரண்டாம் முறை ஏதோ கரகரத்தது. கடைக்காரர் இரக்கத்தோடு, “தடிமனா சேர், சளி பிடிச்சிட்டா?” என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். உண்மையில் முந்தைய நாள் காலையிலிருந்து நான் யாருடனும் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. பாவிக்காத சைக்கிள் மாதிரி குரலும் துருப்பிடிக்கும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை.

அந்தக் கிழமைதான் வதனி வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. கண் திறந்து, பால் மறந்து, பிறகு அவற்றில் ஒன்று வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் என் வளவுக்கு வந்தது. நான் திருப்பி அனுப்பினேன். அது திரும்ப வந்தது. அதன்பிறகு நான் அனுப்பவில்லை.

பெயர் வைக்க நிறைய யோசித்தேன். பழைய இலக்கியங்களைப் புரட்டிக் கம்பீரமான பெயர் ஒன்றும் தெரிந்து வைத்தேன். அதற்குள் ஆத்தங்கரையில் வலை தட்டுகிறவர்கள் அதன் நிறத்தைப் பார்த்துக் கறுவல் என்று கூப்பிட்டுவிட்டார்கள். அதுவும் வாலை ஆட்டிவிட்டது. இலக்கியம் அத்துடன் முடிந்தது.

பேத்தை

இந்த வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. சட்டம் போட்டது தவமணி.

அபி சின்னப் பிள்ளையாய் இருந்தபோது எங்களிடம் சீசர் என்ற நாய் நின்றது. எங்கள் வளவின் பின்புறம் வாவி. வாவி என்பது பாடப்புத்தகத்துக்கும் உல்லாசப் பயணிகளுக்கும்தான், நாங்கள் ஆறு என்றே சொல்வோம். காலையில் தோணிகளில் வருகிறவர்கள் வலைகளைத் தட்டி, மீனைத் தெரிந்தெடுப்பார்கள். வேண்டாததைக் கரையில் எறிவார்கள். எறிவதில் பேத்தை மீனும் கிடக்கும். பிடித்ததும் காற்றை இழுத்துப் பந்துபோல ஊதிக்கொள்கிற, உடம்பெல்லாம் சின்ன முள்ளுள்ள மீன். மனிதர் தின்பதில்லை, நஞ்சு. ஊர் நாய்களும் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விடும்.

சீசர் வீட்டுக்குள் வளர்ந்த நாய். பேத்தை எது, பந்து எது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஒருநாள் காலை ஆத்தங்கரையிலிருந்து திரும்பி வந்தபோது பின்னங்கால்கள் கோணிக்கோணி வந்தன. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். கள்ளுக் குடித்துவிட்டதா என்றுகூடக் கேட்டேன். தவமணிதான் ஓடிப்போய்த் தூக்கினாள். மத்தியானத்துக்குள் அவள் மடியிலேயே போய்விட்டது.

அவள் நெடுநாள் மீன் தின்னவில்லை. ஆற்றுப் பக்கக் கதவைத் திறக்கவும் விடவில்லை. பிறகு ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: “இனி இந்த வீட்டில சாகிறதெண்டா நீங்க, இல்லாட்டி நான். வேற ஒண்டையும் கொண்டு வராதீங்க.”

நானும் ஓம் என்றேன். அதனால் கறுவல் வந்த கதையை அவளிடம் சொல்லவில்லை. அவள் வரும்போது குட்டி வளர்ந்து, பழகி, மரியாதையாகப் படுத்திருக்கும். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வதனியிடம் வேலியருகே சத்தியமும் வாங்கினேன். “எனக்கென்ன அத்தான், நான் என்னத்துக்குச் சொல்றன்?” என்றாள்.

மனைவியின் வீட்டில், மனைவியின் சொந்தங்களுக்கு நடுவே, மனைவிக்குத் தெரியாமல் நாய் வளர்க்கலாம் என்று ஒருவன் நம்பினான் என்றால், அவன் எவ்வளவு வாசித்திருந்து என்ன?

காத்தான்குடிக் கூடு

சீசரின் கதி கறுவலுக்கு வரக்கூடாது. கண்பார்வையில் வைத்திருக்க முடியாத நேரங்களில் அதைப் பூட்டி வைக்க வேண்டும். இணையத்தில் தேடினேன். புல்வெளியில் நின்றபடி ஒரு வெள்ளைக்காரர் விளக்கினார். கூடு என்பது தண்டனை அல்லவாம், நாயின் படுக்கையறையாம். குட்டி தானாக உள்ளே போக வேண்டுமாம். உள்ளே வைத்துத் தீன் கொடுக்க வேண்டுமாம். அழுதால் திறக்கக் கூடாதாம், அழுகையை நிறுத்திய பிறகுதான் திறக்க வேண்டுமாம்.

காத்தான்குடியில் வெல்டிங் கடை வைத்திருக்கும் அன்சார் காக்காவிடம் போனேன். முதலில் கோழிக்கா என்று கேட்டார். நாய்க்கு என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, செய்து தருவதாகச் சொன்னார். ஒரேயொரு வேண்டுகோள்தான். நாய் உள்ளே போகமுதல் நன்றாகச் சரிபார்த்துவிட வேண்டும். பிறகு நாய் வாய் வைத்த கம்பியைத் திருத்தக் கொண்டுவந்தால், மார்க்கப்படி அவர் அதை மண்போட்டுத் தேய்த்துப் பலதரம் கழுவித்தான் தொட வேண்டும்.

“உங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல் சேர். நீங்களே ஒருக்கா உள்ளுக்க போய்ப் பாருங்களன்,” என்றார்.

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தவழ்ந்து உள்ளே போய்ப் பார்த்தேன். இடம் தாராளம். கொளுக்கியும் மிகத் தரம். நான் உள்ளே போனதும் கதவு சாய்ந்து, கொளுக்கி தானாக விழுந்துவிட்டது. வதனி வரும்வரை உள்ளேயே இருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. திறந்துவிட்டாள், போய்விட்டாள். மெஷின் மட்டும் அன்று நெடுநேரம் ஓடவில்லை. சிரித்துக்கொண்டு தைக்க ஏலாது.

கறுவல் உள்ளே போக மறுத்தது. பிஸ்கட்டுக்குப் போகவில்லை. கோழி ஈரலுக்குத் தலையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. தூக்கி வைத்தால் ஊரையே கூட்டியது. நாங்கள் ஆற்றுக்குள் மீன் பாடும் என்று பேர்வாங்கிய ஊர்க்காரர், நாய் பாடினால் என்ன என்று இருந்து பார்த்தேன். ஏலவில்லை. அழுகை நிற்கட்டும், திறக்கிறேன் என்று நான் கூட்டுக்கு முன்னால் பாய்போட்டு இருக்க, வதனி வேலியால் எட்டிப் பார்த்தாள்.

“அம்மன் கோயில் கதவும் வருசத்துக்கு ஒருக்காத்தான் துறக்கிற அத்தான். அதுக்கும் வெளிய நிக்கிற நாமதான் பாடணும், உள்ளுக்க இரிக்கிற அம்மனப் பாடச் சொல்றல்ல.”

அடைத்ததும் பழகியதும்

பழக்கியது நானும் இல்லை, வெள்ளைக்காரரும் இல்லை. தவமணி.

அவளுக்கென்று கெட்டிமேளத்தைத் தொலைபேசியில் வைத்துத் தந்தது அபி. போன முறை வந்தபோது செய்த குறும்பு. அந்த நாட்களில் தவம் காலையில் எடுப்பாள், மாலையிலும் எடுப்பாள். எப்போதும் படத்தோடுதான், முகம் பார்த்துக் கதைக்க. கெட்டிமேளம் கொட்டியதும் குட்டியை அள்ளிக்கொண்டு பின்னறைக்கு ஓடுவேன். கூட்டுக்குள் தள்ளி, வாய் திறக்காதிருக்க ஒரு துண்டு மீனை எறிந்து, கதவைக் கொளுவி, மேலே நான் உடுக்கிற சாரம் ஒன்றைப் போர்த்திவிட்டு, மூச்சிரைக்க வந்து, “சொல்லு தவம்,” என்பேன்.

கொஞ்ச நாளில், மணி கேட்டதும் கறுவல் எனக்கு முன்னால் ஓடத் தொடங்கியது. மணியடித்து நாய்க்கு வாயூற வைத்த ரஷ்ய விஞ்ஞானி ஒருவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவர் ஆராய்ச்சியில் செய்தார், நான் பயத்தில் செய்தேன். பலன் ஒன்றுதான். சந்திக் கலியாண மண்டபத்தில் முகூர்த்தம் என்றாலும் கறுவல் கூட்டுக்குள் போய்விடும். கெட்டிமேளம் கேட்டதும் தானாகப் போய் அடைபடுவதைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. என் மனைவி இந்த இதழை இணையத்தில் வாசிப்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

தொலைபேசியில் அவள் அப்போது சொல்லிக்கொண்டிருந்தது பெரும்பாலும் அபியின் கொடுமை. பிள்ளையைத் தனியறையில், மரக்கம்பிகள் வைத்த கட்டிலில் போட்டுவிட்டு, அழுதாலும் தூக்க விடுவதில்லையாம். அழுது அழுது தானாக நித்திரைகொள்ளப் பழக வேண்டும் என்று ஏதோ புத்தகத்தில் இருக்கிறதாம். “கல்லு நெஞ்சுக்காரி,” என்பாள் தவம். உண்மைதான், கூட்டுக்குள் போட்டு அழவிடுவது என்ன மனிதத்தனம் என்று நானும் சொல்வேன். பின்னறையில் சாரத்துக்குக் கீழே கறுவல் மூக்கைச் சீறும்.

பிறகு அழைப்புகள் குறைந்தன. முதலில் மாலை அழைப்பு நின்றது. பிறகு காலை அழைப்பு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிறகு அதற்கும் ஒழுங்கில்லை. பிள்ளையின் வயிறு, அபியின் முதுகு, பனி என்று நானே காரணங்களை எடுத்துத் தேநீரோடு வைத்துக்கொண்டேன். நான் எடுத்தால் அவள் கதைப்பாள்தான். ஆனால் அவசரப்படுவாள். “சரி வெக்கிறன், நீங்க அத இதப் பாருங்க,” என்பாள். எதைப் பார்ப்பது என்று விளங்கவில்லை.

மணி குறைந்ததும் கறுவலின் பழக்கமும் தளர்ந்தது. கூட்டைக் கண்டால் திரும்பவும் ஒதுங்கியது. ஒருநாள் அது பின்வேலிக்குக் கீழே மண்ணைக் கிளறி ஆற்றுப் பக்கம் போக வழி பண்ணிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மணியை நானே அடிக்கவிட்டேன். கறுவல் ஓடிப்போய்க் கூட்டுக்குள் படுத்தது.

அன்றிலிருந்து, கடைக்குப் போகமுதல் ஒரு கெட்டிமேளம். குளிக்கப் போகமுதல் ஒரு கெட்டிமேளம். நாய் ஏற்கெனவே கூட்டுக்குள் படுத்திருந்தபோதும் ஒன்றிரண்டு தரம் அடிக்கவிட்டிருக்கிறேன். பயிற்சியை உறுதிப்படுத்துவதற்காக.

அக்காவா எடுத்தது என்று வதனி வேலியால் கேட்பாள். ஓம் என்று விட்டால் போதாது. என்ன சொன்னா என்றும் கேட்பாள். ஆகவே செய்திகளும் நானே தயாரிக்க வேண்டி வந்தது. அங்கே பனி முழங்கால் மட்டத்துக்கு என்றேன். பேரன் என்னைப் பார்த்துச் சிரித்தான் என்றேன். வதனி ஒரு நிமிடம் என்னைப் பார்ப்பாள், பிறகு உள்ளே போய்விடுவாள். செய்தி வற்றிப்போன ஒரு மாலை, பேரனுக்குப் பல் முளைக்கிறதாம் என்று சொல்லிவைத்தேன்.

“மெய்யா?” என்றாள் வதனி.

“கீழே ஒன்று,” என்றேன். பொய்க்கு விபரம் முக்கியம்.

ஆத்தங்கரை

மறுநாள் முற்பகல். தொலைபேசியைப் படுக்கையறையில் மின்சாரத்துக்குப் போட்டுவிட்டு, பின்படியில் இருந்து உள்ளியுரித்துக்கொண்டிருந்தேன். கறுவல் என் காலடியில் கிடந்தது. பிறகு பார்த்தேன், கிடக்கவில்லை.

வேலிக்குக் கீழே அது கிளறிய பள்ளம் பெரிதாகியிருந்தது. நான் சுற்றிக்கொண்டு ஆத்தங்கரைக்கு ஓடினேன். தோணிகள் வந்து போயிருந்தன. ஈரமான வலை வாசனை, கரையெல்லாம் பாசியும் செதிலும். சற்றுத் தள்ளிக் கறுவல் குதித்துக் குதித்து விளையாடியது. அதன் வாயில் ஒரு வெள்ளைப் பந்து.

கூப்பிட்டேன். வாலை ஆட்டியது. கிட்டப் போனேன். இன்னும் தள்ளி ஓடியது. துரத்தி விளையாட ஆள் கிடைத்துவிட்டதாக அது நினைத்துக்கொண்டது. பந்தை நிலத்தில் வைத்து, கடிக்கத் தோதான இடம் தேடியது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பாசியில் வழுக்கி முழங்காலில் விழுந்தேன். என் கையில் தொலைபேசி இல்லை. அதைக் கூட்டுக்குள் அனுப்பக்கூடிய ஒரே சத்தம் படுக்கையறையில் கிடந்தது. சீசர் கோணிக்கோணி வந்த அந்தப் பின்னங்கால்கள்தான் நினைவில் வந்தன. அன்று நான் சிரித்ததும்.

அப்போது வீட்டுக்குள் கெட்டிமேளம் கொட்டியது.

கறுவல் காதை நிமிர்த்தியது. வாயிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, என் தோளுக்குப் பக்கத்தால் பாய்ந்து, வேலிக்குக் கீழே நுழைந்து மறைந்தது.

நான் பேத்தையைத் தூக்கிப் பார்த்தேன். முட்கள் அப்படியே இருந்தன. ஒரு இடத்தில் மட்டும் பல்லுப் பட்ட அடையாளம். ஆற்றில் தூர எறிந்துவிட்டு ஓடிவந்தேன். கறுவல் கூட்டுக்குள் சுற்றிப் படுத்து மீனுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. மணி நின்று, மறுபடி அடிக்கத் தொடங்கியிருந்தது.

படத்தில் தவம். அங்கே நடுச்சாமம். அறை இருட்டு, முகத்தில் தொலைபேசி வெளிச்சம் மட்டும். இந்த நேரத்தில் என்ன என்று கேட்டேன். நித்திரை வரவில்லை, சும்மா எடுத்தேன் என்றாள்.

“என்ன இப்பிடி மூச்சு வாங்குது?”

“கொஞ்சம் நடந்து போன நான்.”

“குட்டி எங்க?”

“எந்தக் குட்டி?” என்றேன். இவ்வளவு படித்தவனுக்கு அந்தக் கணத்தில் வந்த பதில் அதுதான்.

“கூட்டுக்கதான் கிடக்கும். துறந்து விடுங்க பாவம்.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கறுவல் வந்த கிழமையே தெரிந்திருந்தது. நிறம் தெரியும், பெயர் தெரியும், நான் கூட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டதும் தெரியும். கோபமா என்று கேட்டேன். முதலில் கோபம்தானாம்.

“மறுகா வதனி சொன்னாள், நான் எடுக்கக்க எல்லாம் அத அடைக்கிறீங்க எண்டு. இஞ்ச இவள் புள்ளையக் கூட்டுக்க போட்டு அழ விடுறாள். நான் போனெடுத்தா அங்க நீங்க குட்டியக் கூட்டுக்க போடுறீங்க. ரெண்டு பாவத்த நான் எங்க கொண்டுபோய்க் கழுவுற? அதான் எடுக்கிறதக் குறைச்ச நான்.”

வயிறு, முதுகு, பனி என்று நான் காரணம் அடுக்கிக்கொண்டிருந்த காலைகள் எல்லாம் ஒரு நாய்க்குட்டிக்குக் காட்டப்பட்ட இரக்கம். பிறகு பேத்தையைப் பற்றிச் சொன்னேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, அதை வெளியே விடச் சொன்னாள். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். “நடக்க விடுங்க. பின்னங்காலக் காட்டுங்க,” என்றாள். தொலைபேசியை மேசையில் இருந்த சீனிப் பேணியில் சாய்த்து வைத்தேன். கறுவல் ஹோலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தது, ஒருதரம் கதிரைக் காலில் மோதியது. தவம் விறைத்துப்போனாள். அது மோதியது செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்ததால்.

அவள் தொடர்பை வெட்டவில்லை. நானும் வெட்டவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் ஒரு நாயின் பின்னங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் அங்கே பேரன் அழத் தொடங்கினான். போகச் சொன்னேன். அபி போகவிட மாட்டாள் என்றாள். அந்த அழுகையையும் இருந்து கேட்டோம். வரவர அது மெலிந்து நின்றது. கறுவல் செருப்பைக் கட்டிக்கொண்டு நித்திரையானது. மூச்சுக்கு மூச்சு வயிறு ஏறி இறங்குகிறதா என்று காட்டச் சொன்னாள். காட்டினேன்.

எப்போது வருவாய் என்று அப்போதுதான் கேட்டேன். பனி போகட்டும் என்றாள்.

வைக்கமுதல் ஒன்று சொன்னாள்: “பள்ளத்த மூடுங்க. வெளிய போகக்க அதக் கூட்டுக்க போட்டிட்டுப் போங்க. அழுதா அழட்டும்.”

வேலியருகே

மாலையில் பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தபோது வதனி வந்தாள். சத்தியம் பண்ணியதை நினைவூட்டினேன். அவள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அக்கா வீட்டில் நடப்பதை அக்காவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வதாம்.

நான் மண்ணைக் காலால் மிதித்தபடி, உன் அக்கா இன்றைக்கு நடுச்சாமத்தில் நித்திரை வராமல் எடுத்தாள், அதனால்தான் குட்டி தப்பியது என்றேன். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கலாம்.

“நித்திரை வராமலா?” என்றாள் வதனி. “நேத்து நான்தான் அவவுக்கு மெசேச் போட்ட, புள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டாமே எண்டு. இன்னும் குப்புறப் பிரளவே தெரியாத புள்ளைக்கு ஏது பல்லு எண்டு கேட்டா. அத்தான் சொன்னாரே, காலையும் பின்னேரமும் கதைக்கிறீங்களே எண்டன். அக்கா ஒண்டும் சொல்லல்ல.”

நான் மூடிய பள்ளத்தின் மேல் இன்னும் ஒரு வெட்டு மண் போட்டேன்.

“எனக்கு முதலே தெரியும் அத்தான். நான் மெஷின நிப்பாட்டிப்போட்டுக் கேக்கிற நான். அக்கா எடுத்தா நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கிற மாதிரிக் கதைப்பீங்க. மத்த நேரத்தில மணி நிண்டா உங்கட சத்தமே வாறல்ல.”

அவள் போகத் திரும்பினாள். பிறகு வேலிப் பொட்டில் நின்று சொன்னாள்:

“மணிய அடிக்கவிடுங்க, அது பரவால்ல. புள்ளைக்கு மட்டும் பல்லு முளைக்க வைக்காதீங்க. அக்கா அங்க லைட்டப் போட்டுப்போட்டு அதுட வாயத் துறந்து பாக்கிறாவாம்.”